அம்மா இல்லாத அடுப்படி: அப்பாவும் மகளும் எப்படிச் சாப்பிடுவது?

கேள்வி: அம்மா இறந்து ஐந்து வாரம் ஆகிறது. மாரடைப்பு, ஒரே ராத்திரியில் எல்லாம் முடிந்துவிட்டது. பதினாறாம் நாள் காரியம் முடிந்து சொந்தக்காரர்கள் கிளம்பிய பிறகு, பாளையங்கோட்டை வீட்டில் அப்பாவும் நானும் மட்டும்தான். அப்பாவுக்கு 70 வயது, பல வருடமாகச் சர்க்கரை. எதை வைத்தாலும் இரண்டு வாய் சாப்பிட்டுவிட்டு "பசிக்கல" என்று எழுந்துவிடுகிறார். எனக்கும் சோறு தொண்டையிலேயே நிற்கிறது. போன ஞாயிற்றுக்கிழமை, அம்மா வைக்கிற மாதிரி சுண்டைவத்தல் குழம்பு வைத்தேன். ஒரு கவளம் எடுத்தார், கையைக் கழுவிக்கொண்டு வாசலில் போய் உட்கார்ந்துவிட்டார். அதிலிருந்து நான் அடுப்புப் பக்கமே போகவில்லை. ஓட்டல் சாப்பாடுதான். அம்மா அரைத்து வைத்த குழம்புப்பொடி அரை டப்பா இருக்கிறது. எடுத்துச் சமைக்கவும் மனசில்லை, சும்மா பார்த்துக்கொண்டிருக்கவும் முடியவில்லை. அம்மாவைப் பற்றி நாங்கள் இருவரும் ஒரு வார்த்தை பேசிக்கொள்வதில்லை. வருகிறவர்களோ, "படுக்கையில கெடக்காமப் போயிட்டா, புண்ணியவதி" என்கிறார்கள். அம்மா அனுப்பிய வாய்ஸ் மெசேஜ்கள் என் போனில் இருக்கின்றன, கேட்கத் தைரியம் வரவில்லை. மூன்று வாரத்தில் நான் சென்னைக்கு வேலைக்குத் திரும்ப வேண்டும். என்ன செய்வது?

– வாசகி, 36 வயது

பதில்: முதலில் அப்பாவின் மாத்திரையைப் பார்ப்போம். குழம்பு, பொடி, பேச்சு எல்லாம் அதற்கப்புறம்.

நீண்ட நாள் சர்க்கரை உள்ளவர் இரண்டு வாயோடு எழுந்துவிட்டு, மாத்திரையை மட்டும் பழைய கணக்கில் போட்டுக்கொண்டிருந்தால் சர்க்கரை சரசரவென இறங்கக்கூடும். மாத்திரை அட்டையைத் திருப்பிப் பாருங்கள். கிளிமிபிரைடு, கிளிக்லசைடு என்று இருந்தாலோ, அப்பா இன்சுலின் போடுபவராக இருந்தாலோ ஆபத்து கூடுதல். பல மாத்திரைகளில் மெட்ஃபார்மினோடு சேர்ந்தே கிளிமிபிரைடு போன்றவை இருக்கும். வெறும் மெட்ஃபார்மின் மட்டும் என்றால் சர்க்கரை தாழ்வது அபூர்வம். டாபாகிளிஃப்ளோசின், எம்பாகிளிஃப்ளோசின் என்ற பெயர்கள் இருந்தால் கவலை வேறு விதம்: சரியாகச் சாப்பிடாமல் இவற்றை எடுத்தால் ரத்தத்தில் கீட்டோன் அமிலம் சேரக்கூடும், அப்போது சர்க்கரை அளவு பெரிதாக ஏறாமலே ஆள் சோர்ந்து வாந்தி எடுப்பார். எதையும் நீங்களாக நிறுத்த வேண்டாம், குறைக்கவும் வேண்டாம். அப்பா வழக்கமாகப் பார்க்கும் டாக்டரிடம் நாளைக்கே போய், "ஐந்து வாரமாகப் பாதிகூடச் சாப்பிடுவதில்லை" என்று சொல்லுங்கள். அளவை அவர் மாற்றித் தருவார்.

வீட்டில் குளுக்கோமீட்டர் இருந்தால் காலை வெறும் வயிற்றிலும் மாலை ஐந்து மணி வாக்கிலும் பாருங்கள். 70-க்குக் கீழே போனால் மூன்று டீஸ்பூன் சர்க்கரையை அரை டம்ளர் தண்ணீரில் கரைத்துக் கொடுத்து, 15 நிமிடம் கழித்து மறுபடி பார்க்க வேண்டும். ஏறவில்லையென்றால் இன்னொரு முறை. ஏறியதும் இரண்டு இட்லியோ பிஸ்கட்டோ சாப்பிடவேண்டும், இல்லாவிட்டால் மீண்டும் இறங்கும். நினைவு தப்பியிருந்தால் வாயில் எதையும் ஊற்றக்கூடாது, 108-ஐ அழையுங்கள். துக்க வீட்டில் இது எளிதில் கண்ணுக்குத் தப்பிவிடும். திடீரென எரிந்து விழுவது, கை நடுங்குவது, சட்டை நனைய வியர்ப்பது, கேட்டதற்குச் சம்பந்தமில்லாமல் பதில் சொல்வது, இதையெல்லாம் "பாவம், துக்கம்" என்று விட்டுவிடுகிறோம். முதலில் விரலில் குத்திப் பாருங்கள். அதேபோல "நெஞ்சை அடைக்குது" என்று அப்பா சொன்னால், துக்கத்தில் சொல்கிறார் என்று நீங்களே முடிவு கட்டாதீர்கள். துணையை இழந்த முதல் வாரங்களில் இதயம் சம்பந்தப்பட்ட ஆபத்து உண்மையிலேயே கூடுகிறது. ஈசிஜி எடுத்துவிடுங்கள்.

பசி ஏன் போகிறது என்பதையும் தெரிந்துகொள்ளுங்கள். உடம்பு இப்போது அபாயத்தில் இருப்பதாக நினைத்துக்கொண்டிருக்கிறது. அந்த நிலையில் வாய் உலரும், எச்சில் குறையும், இரைப்பை மெதுவாகக் காலியாகும். இரண்டு வாய்க்கே வயிறு நிறைந்ததுபோல் இருப்பது நடிப்பு இல்லை. 70 வயதில் வாசனை பிடிக்கும் திறனும் தாக உணர்வும் ஏற்கெனவே குறைந்திருக்கும். இதற்கு மேல் இன்னொன்று: பல வருடமாக ஒரு மணிக்கு "சாப்பிட வாங்க" என்று ஒரு குரல் கூப்பிட்டிருக்கிறது. அப்பாவின் பசி அந்தக் குரலுக்குப் பழகியிருக்கிறது. குரல் நின்றதும் பசி எழும்பவில்லை.

ஆகவே "பசிக்குதா?" என்று கேட்காதீர்கள். பதில் "இல்லை" என்றுதான் வரும், உண்மையும் அதுதான். மணி பார்த்துக் கொடுங்கள். மூன்று வேளையை ஆறாக உடையுங்கள். எட்டு மணிக்கு இரண்டு இட்லியும் ஒரு அவித்த முட்டையும், பதினொன்றுக்கு உப்பிட்ட மோரும் ஒரு பிடி வறுகடலையும், ஒரு மணிக்கு ஒரு கரண்டிச் சோறு, நாலு மணிக்குச் சுண்டலோடு டீ, ஏழரைக்குத் தோசை, படுக்கும் முன் கால் லிட்டருக்குக் குறையாமல் பால். பெரிய தட்டை எடுத்து வைத்துவிட்டுச் சின்னத் தட்டில் போடுங்கள். குவிந்த சோறே பார்த்ததும் பயமுறுத்தும். டம்ளரை மேசையில் வைத்துவிட்டுப் போகாமல் கையில் கொடுங்கள், பக்கத்தில் உட்கார்ந்து நீங்களும் குடியுங்கள். ஐந்து நிமிடம் போதும். "இன்னும் ஒரு வாய்" என்று கெஞ்ச வேண்டாம். அப்படிக் கெஞ்சினால் அடுத்த வேளைக்கு உட்காரும்போதே அவருக்கு அலுப்பு வந்துவிடும்.

சாப்பாட்டின் அளவைவிட அதில் பருப்போ முட்டையோ பாலோ இருக்கிறதா என்று பாருங்கள். இந்த வயதில் உடல் எடையில் கிலோவுக்கு ஒரு கிராம் புரதமாவது வேண்டும்; 60 கிலோ ஆளுக்கு நாளைக்கு 60 கிராம். ஒரு முட்டையில் ஆறு கிராம், 200 மில்லி பாலில் ஆறிலிருந்து ஏழு, 30 கிராம் பருப்பில் ஏழு. கூட்டிப் பார்த்தால் வெறும் ரசஞ்சோற்றால் நடக்காது என்று தெரியும். வாரம் ஒரு முறை, ஒரே நாளில், காலையில், அப்பாவையும் உங்களையும் எடை பாருங்கள். 60 கிலோவில் ஒரு மாதத்தில் மூன்று கிலோ குறைந்தால் டாக்டரைப் பார்க்கவேண்டிய அளவு அது. சிறுநீர் அடர்த்தியாகப் போனால் தண்ணீர் போதவில்லை.

ஓட்டல் சாப்பாடு வாங்குவதற்காக உங்களை நீங்களே குற்றம் சொல்லிக்கொள்ள வேண்டாம். துக்க வீட்டில் அடுப்பு எரியக்கூடாது, சம்பந்தியும் பக்கத்து வீடும் சோறு கொண்டுவர வேண்டும் என்று வைத்தவர்கள் காரணமாகத்தான் வைத்தார்கள். என்ன, அந்த ஏற்பாடு பதினாறோடு நின்றுவிடுகிறது. உண்மையான தனிமை பதினேழாம் நாள்தான் ஆரம்பிக்கிறது. "ஏதாவது வேணும்னா சொல்லு" என்று சொல்லிவிட்டுப் போனவர்களிடம் கூச்சப்படாமல் குறிப்பிட்டுக் கேளுங்கள்: "அத்தை, செவ்வாயும் வெள்ளியும் ஒரு கிண்ணம் கூட்டு மட்டும் குடுத்தனுப்புங்க." இப்படிக் கேட்டால் பெரும்பாலானவர்களுக்கு நிம்மதிதான். என்ன செய்வது என்று தெரியாமல்தான் அவர்களும் இருக்கிறார்கள்.

திரும்ப அடுப்பைப் பற்றவைக்கும்போது குழம்பில் ஆரம்பிக்காதீர்கள். அம்மாவின் கை முத்திரை இல்லாத, யார் வைத்தாலும் ஏறக்குறைய ஒரே மாதிரி வருகிற ஒன்றில் தொடங்குங்கள். உங்கள் ஊரிலேயே அதற்கு உளுந்தஞ்சோறு இருக்கிறது. ஒரே பாத்திரம், பருப்பும் அதிலேயே, மென்று விழுங்கச் சிரமமில்லை. இரண்டு பேருக்கு அரை டம்ளர் அரிசி, கால் டம்ளர் தோலோடு உடைத்த கறுப்பு உளுந்து. உளுந்தை வெறும் சட்டியில் சின்னத் தீயில் வாசனை எழும் வரை வறுத்து, அரிசியோடு சேர்த்து ஒரே அலசாக அலசுங்கள்; தேய்த்துக் கழுவினால் தோல் போய்விடும், வாசனையும் போகும். ஆறு பல் பூண்டு, கால் டீஸ்பூன் வெந்தயம், கால் டீஸ்பூன் சீரகம், கால் டம்ளர் தேங்காய்த் துருவல், முக்கால் டீஸ்பூன் உப்பு, இரண்டே கால் டம்ளர் தண்ணீர். குக்கரில் நாலு விசில் விட்டு, ஐந்து நிமிடம் சின்னத் தீயில் வையுங்கள். உளுந்து கருகிவிட்டால் முழுக்கக் கசக்கும். அதைத் திருத்த வழியில்லை, வேறு உளுந்து எடுங்கள். ஆறினால் இறுகும், வெந்நீர் விட்டுக் கிளறினால் தளரும். தொட்டுக்கொள்ள எள்ளுத் துவையல். குழைந்த அரிசிக் கஞ்சியைவிட அப்பாவுக்கு இது நல்லது, வெறும் கஞ்சி சர்க்கரையைச் சட்டென்று ஏற்றிவிடும்.

அரிசி அளக்கும்போது கை தானாக மூன்று பேருக்கு அள்ளும். பல வீடுகளில் அழுகை வெடிப்பது படத்துக்கு முன்னால் இல்லை, அரிசி டப்பாவுக்கு முன்னால்தான். வந்தால் வரட்டும். அடுப்பை மட்டும் அணைத்துவிட்டு அழுங்கள்.

இப்போது அந்தக் குழம்பு. அப்பா எழுந்து போனதற்கு ருசி கெட்டுப்போனது காரணம் என்று நினைக்கிறீர்கள். அம்மா வைத்ததற்கு ரொம்ப நெருக்கமாக வந்திருந்தாலும் அவர் எழுந்திருப்பார். மூக்கில் ஏறும் மணம், நினைவையும் உணர்ச்சியையும் கையாளும் மூளைப் பகுதிகளுக்கு மற்ற புலன்களைவிட நேராகப் போகிறது, முன்னறிவிப்பு இருக்காது. படத்தைப் பார்க்கும் முன் ஒருவர் மனசைத் தயார் செய்துகொள்ளலாம். முதல் கவளத்துக்கு அப்படி முடியாது. எது காரணம் என்று அப்பாவிடம் கேட்டால்தான் தெரியும். அடுத்த முறை வைப்பதற்கு முன்னாடி சொல்லிவிடுங்கள்: "நாளைக்கு அம்மா குழம்பு வைக்கட்டுமா? வேண்டாம்னா மோர்க்குழம்பு வைக்கிறேன்." வேண்டாம் என்று சொல்லும் வாய்ப்பு இருந்தாலே பாதி பாரம் குறையும்.

வைப்பதாக இருந்தால், சுண்டைவத்தல் குழம்பில் வழக்கமாகச் சறுக்கும் இடங்கள் சில. இரண்டு பேருக்கு நெல்லிக்காய் அளவைவிடக் கொஞ்சம் பெரிய புளி, ஒன்றரை டம்ளர் கரைசல், ஒன்றரை டீஸ்பூன் பொடி, மூன்று மேசைக்கரண்டி நல்லெண்ணெய், ஒரு மேசைக்கரண்டி வத்தல். வத்தல் உப்பு மோரில் ஊறிக் காய்ந்தது, அதில் ஏற்கெனவே உப்பு இருக்கிறது. அதனால் உப்பைக் கடைசியில் பார்த்துப் போடுங்கள். முதலிலேயே போட்டால் குழம்பு வற்ற வற்ற உப்புக் கரிக்கும். வத்தலை எண்ணெயில் பழுப்பு நிறம் வந்ததும் எடுத்துவிட வேண்டும். கறுத்தால் வரும் கசப்பு சுண்டையின் கசப்பு இல்லை, கரிந்த கசப்பு. பொடியைக் கொதிக்கும் புளிக்கரைசலில் போடுவது ஒரு ருசி, சின்னத் தீயில் எண்ணெயில் சில நொடி புரட்டிவிட்டுப் புளி ஊற்றுவது வேறு ருசி. அம்மா எப்படிச் செய்தார் என்பது சித்தியோ அத்தையோ யாராவது ஒருவருக்கு நினைவிருக்கும். பழைய புளியா புதுப் புளியா என்பதும் பெரிய விஷயம். பழைய புளியில்தான் குழம்பு கறுத்து வரும். மண்சட்டியில் வைத்தாரா, இறக்கி எத்தனை மணி நேரம் கழித்துப் பரிமாறினார் என்றும் விசாரியுங்கள். காலையில் வைத்து மத்தியானம் ஊற்றும் குழம்பும், அடுப்பிலிருந்து நேரே இலைக்கு வருவதும் ஒன்றில்லை. எனக்குத் தெரிந்து "அம்மா கைப்பக்குவம்" என்று மக்கள் தேடுகிற விஷயத்தில் பாதி இந்த இடைவெளிதான்.

பொடி டப்பாவை அப்படியே வைத்திருந்தால் அது நிற்காது. அரைத்த மசாலாவின் எண்ணெய் காற்றுப் பட்டுச் சிக்குவாடை அடிக்கும், மணம் மாதத்துக்கு மாதம் இறங்கும், வெயில் காலத்தில் வண்டு விழும். ஈரமில்லாத கரண்டியால் இரண்டு மேசைக்கரண்டி எடுத்துச் சின்னக் கண்ணாடிக் குப்பியில் அடைத்து, மூடியைச் சுற்றி டேப் ஒட்டி, தேதி எழுதி ஃப்ரீசரில் வையுங்கள். வெளியே எடுக்கும்போது குப்பி அறை வெப்பத்துக்கு வந்த பிறகே திறக்கவேண்டும், இல்லையென்றால் உள்ளே ஈரம் கோத்துக் கட்டி பிடிக்கும். மிச்சத்தை எடுத்துச் சமையுங்கள். அது அதற்காக அரைத்ததுதான்.

தீர்ந்துபோகுமே என்ற பயம் இருந்தால், தீரும் முன் அளவைக் கண்டுபிடித்துவிடுங்கள். அம்மா எழுதி வைத்திருக்காவிட்டாலும் தடயம் இருக்கும். மளிகைக் கடையில் கொடுக்கும் மாதச் சாமான் சீட்டு, மிளகாய் வற்றலும் மல்லியும் எத்தனை கிலோ வாங்கினார் என்று சொல்லிவிடும். வழக்கமாக அரைத்த மில்லில் போய்க் கேளுங்கள். வருடக்கணக்காக அரைத்தவருக்கு அந்தக் கலவை கையில் இருக்கும். அரை கிலோ மல்லிக்கு 250 கிராம் வற்றல், துவரம்பருப்பும் கடலைப்பருப்பும் 50 கிராம் வீதம், மிளகும் சீரகமும் 25 கிராம் வீதம், வெந்தயம் 10 கிராம், விரலி மஞ்சள் 25 கிராம் என்பது பொதுவான ஒரு கணக்கு. இதில் பத்தில் ஒரு பங்கை மிக்சியில் அரைத்து, அம்மா பொடியோடு ஒப்பிடுங்கள்: இரண்டு டம்ளரில் பாதி வெந்நீர், ஒவ்வொன்றிலும் அரை டீஸ்பூன் பொடி, ஐந்து நிமிடம் மூடி வைத்து முகர்ந்து பாருங்கள். நீர் கொழகொழப்பாக இருந்தால் பருப்பு கூட, காரம் தொண்டையில் நின்றால் மிளகு கூட, பின்னால் ஒரு கசப்பு வந்தால் வெந்தயம் கூட.

இந்தச் சோதனைக்கு அப்பாவைக் கூப்பிடுங்கள். நான் இதை இவ்வளவு விரித்துச் சொன்னதற்குக் காரணமே இதுதான். நீங்கள் இருவரும் அம்மாவைப் பற்றிப் பேசமுடியாமல் இருக்கிறீர்கள். "அம்மாவை நினைச்சா கஷ்டமா இருக்காப்பா?" என்று எதிரே உட்கார்ந்து கேட்டால் அந்தத் தலைமுறை ஆண் எழுந்து போய்விடுவார். "இதுல மிளகு கூடவா, குறைவா?" என்று கேட்டால் பதில் சொல்லித்தான் ஆகவேண்டும், அவரைவிட்டால் அதைச் சொல்ல வேறு ஆளும் இல்லை. "குறைவு. ஒங்க அம்மை மழைக்காலத்துல கூடப் போடுவா" என்று ஒரு வாக்கியம் வரும். அது போதும், நீங்கள் அதற்கு மேல் தோண்ட வேண்டாம். "நல்லா இருக்கா?" என்ற கேள்வியை மட்டும் தவிர்த்துவிடுங்கள். அதற்கு அவர் உங்களுக்காகப் பொய் சொல்லவேண்டியிருக்கும்.

ஒரு நாற்பது பக்க நோட்டு வாங்குங்கள். பக்கத்துக்கு ஒரு பதார்த்தம். மேலே பெயர், கீழே அளவு, அதற்குக் கீழே ஒரு வரி: இதை அம்மா யாருக்காக, எப்போது செய்வார். அப்பா சொல்லட்டும், நீங்கள் எழுதுங்கள். முருங்கைக்கீரை ஆய்ந்துகொண்டோ பூண்டு உரித்துக்கொண்டோ பக்கத்தில் பக்கத்தில் உட்கார்ந்து செய்யுங்கள், முகம் பார்க்கவேண்டிய கட்டாயம் இருக்காது. ஒரு நாளைக்கு ஒரு பக்கத்துக்கு மேல் வேண்டாம். நடுவில் அவர் மௌனமானால் அடுத்த கேள்வியை ஓட்டாதீர்கள். மனசுக்குள் பத்து எண்ணும் வரை சும்மா இருங்கள், பெரும்பாலும் அந்த இடைவெளிக்குப் பிறகுதான் பேச்சு வரும். அழுதால் "அழாதீங்கப்பா" என்று சொல்லவேண்டாம், தண்ணீர் எடுக்க ஓடவும் வேண்டாம். அங்கேயே உட்கார்ந்திருங்கள். சித்தியிடமும் அத்தையிடமும் கேட்டு எழுதும்போது அளவுகள் ஒன்றோடொன்று மோதும். இரண்டையும் எழுதிக்கொள்ளுங்கள்.

உங்களுக்கென்று தனியாக எழுதவேண்டும் என்று தோன்றினால், ஒப்பாரி வைக்கும் பெண்கள் செய்வதைக் கவனியுங்கள். அவர்கள் இறந்தவரைப் பற்றிப் பேசுவதில்லை, இறந்தவரிடமே பேசுகிறார்கள். பெரிய வார்த்தைகளை விட்டுவிட்டு, நீ வாங்கி வந்தது, நீ நட்டது, நீ சொல்லாமல் போனது என்று பொருள் பொருளாகச் சொல்கிறார்கள். "அம்மா" என்று தொடங்கி, அவரிடம் சொல்லவேண்டியதை, சொல்லாமல் விட்ட கோபம் உட்பட, எழுதுங்கள். 15 நிமிடத்துக்கு மணி வைத்துக்கொள்ளுங்கள். மனசில் அடைத்ததை இப்படி அளவான நேரம், தொடர்ந்து சில நாள் எழுதும் முறையை அமெரிக்க உளவியலாளர் ஜேம்ஸ் பென்னபேக்கர் 1986-இல் ஆய்வாக வெளியிட்டார். ஆனால் சாவுத் துயரத்தில் அதன் பலன் ஆளுக்கு ஆள் மாறுகிறது, எழுதி முடித்த கையோடு மனம் இன்னும் கனப்பதும் சகஜம். அதனால் ராத்திரியில் எழுதாதீர்கள், தூக்கம் போகும். சாயங்காலம் எழுதிவிட்டு, உடனே பாத்திரம் தேய்ப்பது, துணி மடிப்பது என்று கைக்கு வேலை கொடுங்கள். நாலு நாள் எழுதியும் கனம் ஏறிக்கொண்டே போனால் விட்டுவிடுங்கள், இது எல்லோருக்கும் ஒத்துவருவதில்லை.

வருகிறவர்களின் பேச்சைப் பற்றிக் கேட்டிருந்தீர்கள். "புண்ணியவதி" என்பது அவர்களுடைய பயத்துக்கு அவர்கள் தேடிக்கொள்ளும் ஆறுதல். மறுத்து வாதாடினால் உங்களுக்குத்தான் சோர்வு. "ஆமா பெரியம்மா. ஆனா எனக்கு இன்னும் கொஞ்ச நாள் இருந்திருக்கலாம்னுதான் இருக்கு" என்று சொல்லிவிட்டு நிறுத்துங்கள். பெரும்பாலும் அடுத்த வார்த்தை அவர்களிடமிருந்து மென்மையாக வரும். "அப்பாவை நீதான் பாத்துக்கணும்" என்பவர்களிடம், "பாத்துக்கறேன். நீங்க வாரத்துல ஒரு நாள் வந்து அவரோட ஒரு மணி நேரம் உக்காந்துட்டுப் போங்க மாமா" என்று வேலையைப் பங்கு போட்டுவிடுங்கள். போனில் ஒவ்வொருவருக்கும் அந்த ராத்திரியைத் திரும்பத் திரும்ப விவரிக்க வேண்டாம், அதற்கு ஒரு அண்ணனையோ மதினியையோ நியமியுங்கள்.

துக்கம் படிப்படியாக இறங்கும் என்று யாராவது மறுப்பு, கோபம், பேரம், மனச்சோர்வு, ஏற்பு என்று ஐந்து கட்டக் கணக்குச் சொன்னால் நம்பவேண்டாம். மனநல மருத்துவர் எலிசபெத் கியூப்ளர்-ராஸ் 1969-இல் அதை எழுதியது, சாகப்போகிறோம் என்று தெரிந்த நோயாளிகளிடம் பேசி. பின்னால் 1999-இல் துக்கத்தை ஆராய்ந்த மார்கரெட் ஸ்ட்ரோபேவும் ஹெங்க் ஷுட்டும் சொன்னது நம் வீடுகளில் நடப்பதற்குக் கிட்டே வருகிறது: துக்கப்படுகிறவர் ஒரு நேரம் இழப்புக்குள் இருக்கிறார், இன்னொரு நேரம் கரண்ட் பில் கட்டுகிறார், இரண்டுக்கும் நடுவே போய்ப்போய் வருகிறார், அதுதான் ஆரோக்கியம். அப்பா டிவி பார்த்துச் சிரித்தால் அம்மாவை மறந்துவிட்டார் என்று அர்த்தமில்லை. நீங்கள் சிரித்தாலும் அப்படித்தான்.

வாய்ஸ் மெசேஜ்களை இப்போது கேட்கவேண்டியதில்லை. பத்திரப்படுத்துவது மட்டும் இன்றைக்கே செய்யவேண்டியது. அம்மாவோடான வாட்ஸ்அப் உரையாடலில் இன்னும் இறங்காமல் அம்புக்குறியோடு நிற்பவை இருந்தால் இறக்கிப் பாருங்கள். பழையவை பிறகு கிடைக்காமல் போகலாம். அம்மாவின் வாட்ஸ்அப் கணக்கு 120 நாள் பயன்படாமல் கிடந்தால் நீக்கப்பட்டுவிடும். உங்கள் போனில் இறங்கியது அதனால் அழியாது, ஆனால் உங்கள் போன் தொலைந்தால் எல்லாம் போகும். ஒவ்வொன்றையும் அழுத்திப் பிடித்து, ஷேர் கொடுத்து, கூகுள் டிரைவிலும் ஒரு பென்டிரைவிலும் ஏற்றுங்கள், இதைக் காதில் வைக்காமலே செய்யலாம். அம்மாவின் சிம் கார்டையும் இன்னும் சில மாதம் ரீசார்ஜ் செய்து வைத்திருங்கள். விட்டுவிட்டால் எண் வேறொருவருக்குப் போய்விடும், நீங்கள் மறதியாக அழைக்கும் ஒரு நாள் அந்நியக் குரல் எடுக்கும். என்றாவது கேட்கவேண்டும் என்று தோன்றினால், "வரும்போது வெண்டைக்கா வாங்கிட்டு வா" மாதிரியான சாதாரணமான ஒன்றை முதலில் கேளுங்கள். அப்பா இருக்கும்போது சொல்லாமல் ஒலிக்கவிடாதீர்கள்.

மாதத் திதியோ அமாவாசையோ வரும்போது ஒரு எச்சரிக்கை. படையல் போட்டுக் காகத்துக்கு வைத்த பிறகுதான் சாப்பிடுவேன் என்று அப்பா மத்தியானம் வரை இருப்பார், மாத்திரையைக் காலையிலேயே போட்டிருப்பார். படையலைப் பத்து மணிக்குள் முடியுங்கள், அல்லது அன்றைய மாத்திரை நேரத்தை முன்கூட்டியே டாக்டரிடம் கேட்டு மாற்றுங்கள். இலையில் பதினாறு வகை வேண்டியதில்லை, அம்மாவுக்குப் பிடித்த இரண்டு இருந்தால் போதும்.

எப்போது மனநல மருத்துவரையோ ஆலோசகரையோ பார்க்கவேண்டும்? அப்பா குளிக்காமல், சவரம் செய்யாமல், எழாமல் நாட்கள் போனால். எடை இறங்கிக்கொண்டே போனால். "நானும் போயிட்டா நல்லாருக்கும்" என்று சொன்னால். கடைசி வாக்கியத்தைப் பல முதியவர்கள் பெருமூச்சாகவும் சொல்வார்கள், திட்டமாகவும் சொல்வார்கள். எது என்று நேராகக் கேளுங்கள்: "அப்பா, உயிரை விட்டுரணும்னு யோசிக்கிறீங்களா?" கேட்பதால் அந்த எண்ணம் புதிதாக முளைக்காது. ஆம் என்றால் தனியே விடாதீர்கள், மாத்திரைகளையும் பூச்சிமருந்தையும் அப்புறப்படுத்துங்கள், அன்றைக்கே மருத்துவமனைக்குப் போங்கள். மத்திய அரசின் மனநல உதவிச் சேவையான டெலிமானஸின் 14416 எண்ணில் இரவு பகலாக, இலவசமாக, தமிழிலேயே பேசலாம். 2022 அக்டோபரில் தொடங்கியது. இந்த எண் உங்களுக்கும்தான். ஐந்து வாரத்தில் சோறு இறங்காததும் அழுகை வராததும் நோய் இல்லை. உலக சுகாதார நிறுவனத்தின் வகைப்பாடு ஆறு மாதத்துக்கு மேலும், அமெரிக்க மனநல மருத்துவர்களின் கையேடு பெரியவர்களுக்கு ஒரு வருடத்துக்கு மேலும் அன்றாட வாழ்க்கையே நின்றுபோகும் அளவுக்கு ஏக்கம் தொடர்ந்தால்தான் அதைத் தனி நோயாகக் கணக்கில் எடுக்கின்றன.

மிச்சமிருக்கும் மூன்று வாரத்தில் அப்பாவுக்கு மூன்றே சமையல் கற்றுக்கொடுங்கள்: முட்டை அவிப்பது, உளுந்தஞ்சோறு, தோசை. நீங்கள் செய்து காட்ட வேண்டாம். அவர் செய்ய, நீங்கள் பக்கத்தில் நில்லுங்கள். குக்கர் மூடுவதையும் கேஸ் ரெகுலேட்டரை அணைப்பதையும் தினமும் அவர் கையாலேயே செய்யட்டும். மாவு அரைக்க வேண்டியதில்லை, கடையில் வாங்கிக்கொள்ளலாம். மத்தியானச் சாப்பாட்டுக்குத் தெருவில் யாரையாவது மாதக் கணக்கில் பேசிவையுங்கள். சென்னை போன பிறகு ஒரு மணிக்கு நீங்கள் கூப்பிடுங்கள், "சாப்பிட்டீங்களா?" என்று வேண்டாம், "சாப்பிட வாங்கப்பா" என்று. வீடியோ காலில் உங்கள் தட்டையும் முன்னால் வைத்துக்கொண்டு, பத்து நிமிடம். நோட்டின் அடுத்த பக்கத்தை அப்போது கேட்டு எழுதலாம்.

கிளம்பும் முன் இன்னொன்று. சிலிண்டர் பதிவு பெரும்பாலும் அம்மாவின் போன் எண்ணில்தான் இருக்கும், ஓடிபியும் அங்கேதான் வரும். அதை அப்பாவின் எண்ணுக்கு மாற்றுங்கள். இணைப்பே அம்மா பெயரில் இருந்தால், இறப்புச் சான்றிதழ் நகலோடும் வாரிசுகள் ஒப்புதல் கடிதத்தோடும் ஏஜென்சியில் பெயர் மாற்ற மனு கொடுத்துவிட்டுப் போங்கள்.